அம்மாவின் றிப்போர்ட்

திருகோணமலை

அன்பு மகளுக்கு,

"அம்மாவின் இரைப்பைக் கட்டிக்கு ஏன் இன்னும் இமாட்டினிப் என்ற புற்றுநோய்க் குளிசை தொடங்கவில்லை?" என்று நேற்றுப் போனில் கேட்டாய். அம்மா பக்கத்தில் இருந்ததால் என்னால் விளக்கமாகச் சொல்ல முடியவில்லை.

முதலில் என் பிழையைச் சொல்கிறேன். அம்மாவுக்கு மலம் தார் மாதிரிக் கறுத்துப் போனது. இரத்தக்குறைவுக்கு எடுத்த இரும்புச்சத்துக் குளிசையால்தான் என்று இரண்டு மாதம் பேசாமல் இருந்துவிட்டேன். அந்தக் குளிசைக்கும் கறுக்கும்தான். ஆனால் கோணேசர் கோயில் ஏற்றத்தில் பாதி வழியிலேயே மூச்சு வாங்கி, மான்களைப் பார்க்கிற சாட்டில் அவள் குந்திவிட்டாளே, அன்றைக்காவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

கமரா விட்டுப் பார்த்தபோது இரைப்பையின் மேற்பக்கத்தில் ஒரு புடைப்பு, அதன் உச்சியில் சின்னப் புண். இரத்தம் அங்கிருந்துதான் கசிந்திருக்கிறது. கிள்ளி எடுத்த துண்டில் ஒன்றுமில்லை என்று வந்ததும் நான் சந்தோஷப்பட்டேன். டொக்டர் படவில்லை. கட்டி சவ்வுக்குக் கீழே, தசைக்குள் இருக்கிறது, கிள்ளியது மேற்சவ்வை மட்டும்தான் என்றார். ஸ்கான் எடுத்த பிறகு, கட்டியைச் சுற்றி இரைப்பையில் ஒரு சிறு பகுதியோடு வெட்டி எடுத்தார்கள். தேசிக்காய் அளவு.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். இரைப்பைச் சுவரில் வரும் இப்படியான கட்டிகளை முன்பெல்லாம் தசைக் கட்டி என்றே எழுதிவிடுவார்களாம். 1998இல் ஜப்பானில் கிட் மரபணுக் கோளாறைக் கண்டுபிடித்த பிறகுதான், அவற்றில் பெரும்பாலானவை ஜிஸ்ட் என்ற, புற்றாக மாறக்கூடிய வேறு இனம் என்று தெளிவானது. அந்த மரபணு உண்டாக்கும் கிட் புரதத்தை அடக்குகிற குளிசைதான் நீ கேட்டது.

அம்மாவின் கட்டியைச் சாயம் போட்டுப் பார்த்த றிப்போர்ட்டை நான் ஆஸ்பத்திரி வாசலிலேயே பிரித்தேன். 'டெஸ்மின் பொசிட்டிவ்' என்று கண்டதும் கால் நடுங்கி, மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே போய்க் கேட்டால், அதுதான் நல்ல செய்தியாம். டெஸ்மின் தசையின் அடையாளம். ஜிஸ்டுக்குப் பிடிக்கிற சிடி117, டொக்1 என்ற சாயங்கள் இரண்டும் இதில் பிடிக்கவில்லை. கலங்கள் வேகமாகப் பெருகவும் இல்லை. லெயோமயோமா, மழமழப்பான தசையில் வரும் கட்டி, இரைப்பையில் அபூர்வம். புற்றுநோய் இல்லை, பிள்ளை. முழுதாக எடுத்தாயிற்று. இமாட்டினிப் இதற்கு வேலை செய்யாது, தேவையும் இல்லை.

இப்போது கொஞ்சம் கொஞ்சமாக ஆறு தரம் சாப்பிடுகிறாள். இன்று காலை சொதியோடு இரண்டு இடியப்பம், மூன்றாவதையும் கேட்டு வாங்கினாள். அடுத்த கமராவுக்குத் திகதி தந்ததும் உடனே உனக்குச் சொல்கிறேன். இனி எதையும் பிந்திச் சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
அப்பா