இந்த மாதப் பதிவு: கிட்டாரும் தோட்டமும்

வணக்கம் நண்பர்களே,

இந்த மாதம் ஆளுக்கு ஒரு சின்ன கிளாசிக்கல் கிட்டார் துண்டு, இரண்டு நிமிடத்துக்குள். கூடவே, அந்த இசையோடு சேர்த்து ஒரே வீடியோவாக, நீங்களே எடுத்த தோட்டக் காட்சி.

எதை வாசிப்பதென்று குழம்புகிறவர்களுக்கு ஸ்பானிய கிட்டார் இசையமைப்பாளர் டாரெகாவின் 'லாக்ரிமா' போதும். பிரகாசமாக ஒலிக்கும் ஈ மேஜர் ஸ்வர வரிசையில் தொடங்கி, நடுவில் சோகம் கலந்த ஈ மைனருக்குப் போய், திரும்ப மேஜருக்கே வரும். மைனருக்கு மாறும் இடத்தில் காட்சியையும் மாற்றுங்கள்: வெயில் விழுந்த புல்வெளியிலிருந்து மர நிழலுக்கு. மைனரின் முதல் ஸ்வரத்திலேயே வெட்டுங்கள். அரை விநாடி தள்ளிப்போனாலும் உறுத்தும்.

ஸ்பெயினின் கிரனடா நகரிலுள்ள அல்ஹாம்ப்ரா அரண்மனையைப் பற்றிய அவருடைய துண்டு மட்டும் வேண்டாம், ப்ளீஸ்! கட்டைவிரல் பேஸை (கீழ் ஸ்வரங்களை) பார்த்துக்கொள்ள, மோதிர விரல், நடுவிரல், ஆள்காட்டி விரல் மூன்றும் ஒரே தந்தியை மாறி மாறி மீட்டும் டிரெமலோ அது. அந்த அரண்மனைத் தோட்டத்து நீரூற்றுகளுக்கு அருமையாகப் பொருந்தும்தான், ஆனால் ஒரு மாதத்தில் கைக்கு வராது.

தோட்டத்தில் உட்கார்ந்து ஒலிப்பதிவு செய்யாதீர்கள், மைக்கில் காற்றுதான் கேட்கும். வீட்டில், ஃபேனை அணைத்துவிட்டு வாசியுங்கள். தோட்டத்தை, போனை ஸ்டாண்டில் வைத்துப் படமெடுங்கள். ஊட்டி தாவரவியல் பூங்கா கிளிப் வைத்திருப்பவர்கள் மற்றவர்களுக்கும் பகிரலாம்.

வீடியோவாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். கடைசி ஞாயிறு இரவு 9 மணிக்குள்.