செயலாளர் அறிக்கை – 2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா சிறப்பாக நடந்தது. தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்தில் நம் பந்தலில் மோரும் பானகமும் வழங்கினோம். திருக்குறள் போட்டியும் தீபாவளி அன்பளிப்பும் வழக்கம்போல் நடந்தன. செயலவைக் கூட்டங்களில் சில, கோரம் சேராமல் ஒத்திவைக்கப்பட்டன. வராதவர்கள் யார் என்பது வருகைப் பதிவேட்டில் இருக்கிறது.

இனி, சங்க அறைக் கணினி. 2013-இல் வாங்கியது. "பழைய இரும்புக்குப் போட்டுட்டு வேற வாங்குங்க" என்று செயலவையிலேயே குரல் எழுந்தது. அப்படிச் சொன்னவர்களில் சிலர் இந்த ஆண்டுச் சந்தாவே இன்னும் கட்டவில்லை. அந்தப் பெட்டிக்குள் மரண சகாய நிதிப் பேரேடு இருக்கிறது. முந்தைய கணினியிலிருந்து கொண்டுவந்த கூட்டக் குறிப்புகள் இருக்கின்றன. பழையவை முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில், திஸ்கி என்ற பழைய எழுத்துக் குறியீட்டு முறையில் அடித்தவை, அதற்குரிய எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் கிறுக்கலாகத் தெரியும். மலேசியாவின் 1966-ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டப்படி, ஆண்டுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் சங்கங்களின் பதிவிலாகாவுக்குக் கணக்கும் விவரமும் போயாக வேண்டும். அந்த வேலையும் இதே கணினியில்தான் நடக்கிறது.

காலையில் பொத்தானை அழுத்தினால் விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிடும். மறுபடி மறுபடி அழுத்தினால் ஒருவழியாக எழும்பும். ஒரு கடையில் மூடியைக்கூடக் கழற்றாமல் "மதர்போர்டு போச்சு", அதாவது எல்லா உறுப்பையும் இணைக்கும் முதன்மைப் பலகையே கெட்டுவிட்டது என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. குளிர்ந்திருக்கும்போது எழும்பாமல், சூடேறியதும் ஒழுங்காக ஓடுகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது, உறுப்புகளுக்கு மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளையை. அதிலுள்ள மின்தேக்கிகள் வயதாக ஆகச் சக்தி குறையும். மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரை அதன் மஞ்சள் கம்பியில் வைத்துப் பார்த்தேன். 12 வோல்ட் இருக்கவேண்டிய இடம்; 11.4-க்குக் கீழே போகக்கூடாது. கணினி எழும்ப முயன்ற அந்தக் கணத்தில் முள் 11-க்கும் கீழே இறங்கியது. உறுப்பினர் ஒருவர் வீட்டில் சும்மா கிடந்த பவர் சப்ளையைக் கொடுத்தார். மாட்டியதும் முதல் அழுத்தலிலேயே எழும்பியது. மதர்போர்டுக்கு ஒன்றுமில்லை. மின்சாரம் தடுமாறினால் எல்லா உறுப்பும் பழுதானதுபோலத்தான் காட்டும்; அதனால்தான் அங்கிருந்து தொடங்கினேன். (பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் யாரும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.)

அதன்பின் வேறொரு தொல்லை. விட்டுவிட்டு 'பீப்' சத்தம், திரையில் ஒன்றும் வரவில்லை. ரேம் என்னும் நினைவகத் தகடுகளைக் கழற்றினால் பொன்னிறப் பற்கள் மங்கிக் கிடந்தன. கடற்காற்றும் ஈரப்பதமும் உள்ள ஊரில் இது சகஜம். பென்சில் அழிப்பான் கொண்டு மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்து, ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்ததும் சத்தம் நின்றது. சாமி படத்துக்கு ஏற்றும் ஊதுவத்திப் புகை, பிராசசர் விசிறிக்கடியில் தூசியோடு சேர்ந்து கம்பளிபோலத் திரண்டிருந்தது. அரை மணி ஓடியதும் கணினி அளவுக்கு மீறிச் சூடேறித் தானாக அணைந்துகொண்டிருந்தது; அதற்கு இதுவே காரணம். தூசியை எடுத்து, பிராசசரின் சூட்டைக் கடத்தும் காய்ந்துபோன பசையைச் சுரண்டிப் புதிதாகத் தடவினேன். கணினி மேசையைச் சாமி மேடையிலிருந்து தள்ளிப் போட்டிருக்கிறோம். தயவுசெய்து அதைத் திரும்ப நகர்த்தாதீர்கள்.

"இண்டர்நெட் வேலை செய்யல" என்ற புகாருக்கும் காரணம் உள்ளேயே இருந்தது. கணினி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டும் சி.ஆர். 2032 என்ற சிறு பேட்டரி தீர்ந்து, கணினியின் தேதி பல ஆண்டு பின்னால் போயிருந்தது. தேதி தவறினால் பாதுகாப்பான தளங்களின் சான்றிதழ் செல்லாது என்று உலாவி மறுத்துவிடும். பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்ததும் பதிவிலாகாவின் இ-ரோசஸ் என்ற இணையப் பக்கம் திறந்தது.

ஹார்ட் டிஸ்க்தான் கவலை. கெட்ட பகுதிகளை அது வேறிடத்துக்கு மாற்றிக்கொண்டே வருகிறது. டிஸ்க் தன் நலத்தைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவில் அந்த எண்ணிக்கை பார்க்கும்போதெல்லாம் கூடியிருக்கிறது. இதை யாராலும் பழுதுபார்க்க முடியாது. கோப்புகள் அனைத்தையும் இரண்டு இடங்களில் நகலெடுத்துவிட்டேன். ஒன்று தலைவரிடம் இருக்கிறது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாக, கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. நிலுவைச் சந்தா வந்திருந்தால் குறைந்திராது. கணினிக்கு வாங்கியவை பேட்டரியும் பசையும் மட்டுமே; ரசீதுகள் கோப்பில் உள்ளன.

பந்தலுக்குப் பொருளுதவி செய்தவர்களுக்கும், கூட்டந்தோறும் தேநீர் கொண்டுவரும் மகளிர் பகுதியினருக்கும், பவர் சப்ளை கொடுத்த அன்பருக்கும் நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். நம் கணினியில் இருக்கும் விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இது விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாது. ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. என்ற புதுவகைச் சேமிப்பகம் ஒன்றை வாங்கி, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்டால் இன்னும் சில ஆண்டு ஓடும். அந்த வேலையை நானே செய்யத் தயார். எஸ்.எஸ்.டி. விலை, நிலுவையில் இருப்பவர்களில் சிலர் கட்டினாலே வந்துவிடும். பெட்டியின் மூடியைக் கழற்றப் பழகிக்கொள்ள இளைஞர் ஒருவராவது முன்வந்தால், சனிக்கிழமை மாலைகளில் சொல்லித்தருகிறேன்; என் ஒருவனை நம்பியே இது ஓடக்கூடாது. பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசலருகே உட்கார்ந்திருக்கிறார். கூட்டம் முடிந்தும் சிறிது நேரம் அங்கேயே இருப்பார்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்,
பினாங்கு