அரையாண்டு நிறைவு: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விடைத்தாள் திருத்தும் வேலை நடக்கிறது. மதிப்பெண் அட்டை ஜனவரியில் பிள்ளைகள் கையில் வரும், பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். கலைத்திருவிழாவில் நம் பிள்ளைகள் கும்மி, கோலம், பேச்சு என்று எல்லாவற்றிலும் நன்றாகச் செய்தார்கள், வட்டார அளவில் பரிசும் வாங்கினார்கள். விளையாட்டிலும் குறை சொல்வதற்கில்லை. ஆறாம் வகுப்பில் ஒழுகிய ஓடுகளை மாற்றியாயிற்று. முன்னே நின்று செய்துகொடுத்த பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு நன்றி. எல்லாம் மகிழ்ச்சி.

சரி, இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததே வேறொரு விஷயத்துக்காக. பேன்.

படித்தவுடன் சிலருக்குச் சிரிப்பு வரும், சிலருக்குத் தலை அரிக்கும். எழுதும் எனக்கே அரிக்கிறது. மூன்றாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரை பல பிள்ளைகளின் தலையில் இப்போது பேன் இருக்கிறது. இதில் புதுமை ஒன்றுமில்லை. பிள்ளைகள் நெருங்கி உட்கார்ந்து ஒரே புத்தகத்தைப் பார்க்கிற எந்தப் பள்ளியிலும் பேன் இருக்கும். எனக்குக் கவலை தந்தது பேன் அல்ல, அதைச் சுற்றிப் போன மாதம் நடந்தவைதான். ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்குவது என்பார்களே, அதையும் தாண்டிவிட்டோம். "எங்க பிள்ளையை வேற பெஞ்சுல உட்கார வைங்க டீச்சர்" என்று சிலர் அலுவலகத்துக்கே வந்தார்கள். ஒரு வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பிள்ளையின் பெயரைப் போட்டே செய்தி வந்தது. ஒருநாள் காலை வழிபாட்டில் வரிசையில் நின்ற ஒரு பிள்ளையின் தலையிலிருந்து மண்ணெண்ணெய் வாடை. ஆசிரியை பின்னலைத் தூக்கிப் பார்த்தால், பிடரி முழுக்கச் சிவந்து, காதுக்குப் பின்னால் கொப்புளம். அழக்கூட இல்லை அந்தப் பிள்ளை, "யாருகிட்டயும் சொல்லாதீங்க மிஸ்" என்றது.

ஆகவே பேனைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிடுவோம்.

முதலில், பேன் அழுக்கில் பிறப்பதில்லை. இன்னொரு தலையில் இருக்கும் பேன் நடந்து வந்தால்தான் இந்தத் தலைக்குப் பேன். தினம் தலைக்குக் குளிக்கிற பிள்ளையும் வாரத்துக்கு ஒருமுறை குளிக்கிற பிள்ளையும் அதற்கு ஒன்றுதான். தண்ணீர் ஊற்றினால் போய்விடும் என்பதும் நடக்காது. ஆறு கால்களின் நுனியிலும் கொக்கி மாதிரி நகம். முடியைப் பிடித்தால் விடாது, தண்ணீருக்குள் மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். ஈரத்தலையோடு பின்னினால் பேன் உண்டாகும் என்று அப்பத்தாக்கள் சொல்வார்கள். ஈரத்தலையைப் பின்னினால் முடியில் வாடை வரும், அது நிஜம். பேன் அதனால் வராது. ரத்தம் இனிப்பாக இருந்தால் பேன் பிடிக்கும் என்பதும் அந்த ரகம்தான்.

இல்லாதப்பட்ட வீட்டில்தான் பேன் இருக்கும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. இஸ்ரேலில் லாகிஷ் என்ற பழைய நகரத்தைத் தோண்டியபோது சின்ன சீப்பு ஒன்று கிடைத்தது. ஏறக்குறைய 3,700 வருஷம் பழையது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் கீறியிருந்த எழுத்துகளை 2022-இல் படித்துச் சொன்னார்கள்: தலைமுடியிலும் தாடியிலும் இருக்கும் பேனை இந்தத் தந்தம் களையட்டும் என்று ஒரு வேண்டுதல். அந்தப் பக்கத்தின் பழைய எழுத்தான கானானிய எழுத்தில் இதுவரை கிடைத்த முழு வாக்கியங்களில் இதுதான் மிகப் பழையது என்கிறார்கள். கவனியுங்கள், அது யானைத் தந்தச் சீப்பு. அந்தக் காலத்தில் அந்த நாட்டில் யானையே கிடையாது. தந்தம் வெளியூரிலிருந்து வர வேண்டும். பேன் சீப்பைத் தந்தத்தில் வைத்துக்கொள்ளும் அளவுக்கு வசதியான வீட்டிலும் பேன் இருந்திருக்கிறது.

அடுத்து பெஞ்சு. பேன் பறக்காது, தாவவும் தாவாது. தாவுவது தெள்ளுப்பூச்சி, அது வேறு இனம். நாய், பூனையிடமிருந்தும் நமக்குப் பேன் வராது. பேனுக்குத் தெரிந்தது நடக்க மட்டும்தான், அதுவும் முடியைப் பிடித்துக்கொண்டு. தலையிலிருந்து கீழே விழுந்தால் ஒன்றிரண்டு நாளில் செத்துவிடும். அதனால் பெஞ்சைக் கழுவுவதிலோ மாற்றுவதிலோ பயன் இல்லை. தலையும் தலையும் உரசும்போதுதான் பேன் இடம் மாறும். ஒரே செல்போனை நாலு பேர் குனிந்து பார்ப்பது, சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் எல்லாம் ஒரே பாயில் படுத்துத் தூங்குவது, இதெல்லாம் பெஞ்சைவிடப் பெரிய வழி. ரிப்பனையும் சீப்பையும் மாற்றிக்கொள்ள வேண்டாம் என்று பிள்ளைகளிடம் நாங்கள் சொல்கிறோம், நீங்களும் சொல்லுங்கள். ஆனால் அது இரண்டாம்பட்சம்.

யாரிடமிருந்து வந்தது என்று ஆராய்வதும் வீண் வேலை. பேன் கடிக்கும்போது அதன் எச்சில் நம் தோலுக்கு ஒத்துக்கொள்ளாமல் போவதால்தான் அரிப்பு. முதல்முறை பேன் பிடிக்கும் பிள்ளைக்கு அந்த அரிப்பு ஆரம்பிக்கவே நாலிலிருந்து ஆறு வாரம் ஆகலாம். இன்றைக்கு அரிக்கிற தலைக்குப் போன மாதமே பேன் ஏறியிருக்கும். யார் தலையில் முதலில் பார்த்தோமோ அந்தப் பிள்ளையிடமிருந்துதான் எல்லோருக்கும் வந்தது என்று முடிவு கட்டுகிறோம். அந்தப் பிள்ளையின் அம்மா முதலில் பார்த்தார் என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தம் இல்லை.

இனி வைத்தியம். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். தோல் வெந்துபோகும், அடுப்புப் பக்கம் போனால் தீப்பிடிக்கும். கொசு மருந்தைத் தலையில் அடிப்பதும், செடிக்கு அடிக்கும் பூச்சிமருந்தைத் தொட்டுத் தடவுவதும் உயிருக்கே ஆபத்து. சீத்தாப்பழ விதையை அரைத்துத் தடவுவது நம் பக்கத்தில் பரம்பரையாக நடக்கிறது. அந்தத் தூள் கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகிவிடும், கண் மருத்துவர்களிடம் அப்படி வந்தவர்கள் உண்டு. எண்ணெயில் கற்பூரம் கலப்பவர்கள், சின்னப் பிள்ளை அதை வாயில் வைத்தால் வலிப்பு வரும் என்பதை மறக்க வேண்டாம். வெறும் தேங்காய் எண்ணெய் தடவலாம், வாருவதற்குச் சுலபமாக இருக்கும். அது மட்டும் ஈரைக் கொல்லும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

அப்புறம் மொட்டை. குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டு மொட்டை போட்டால் பிள்ளை தலையில் சந்தனத்தோடு பெருமையாக வரும். பேனுக்காகப் பத்து வயதுப் பெண் பிள்ளைக்கு, அதன் விருப்பமில்லாமல் மொட்டை போட்டால் அது தண்டனை. முடி திரும்ப வளர எத்தனை மாதம் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதற்கு அவசியமே இல்லை.

செய்ய வேண்டியது இதுதான். பகல் வெளிச்சத்தில் பிள்ளையை வாசலில் உட்கார வைத்து, தோளில் ஒரு வெள்ளைத் துண்டைப் போடுங்கள். முடியை நனைத்துச் சிக்கெடுத்து, பேன் சீப்பை மண்டையில் படும்படி வைத்து நுனிவரை இழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பைத் துண்டில் துடைத்துப் பாருங்கள். எள்ளளவுக்கு ஒன்று நகர்ந்தால் பேன் இருக்கிறது. காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் விடாமல் பாருங்கள், அங்கேதான் அதிகம். ஊதினால் பறப்பது பொடுகு. நகத்தால் உருவினால்கூட வராமல் முடியில் ஒட்டிக்கொண்டிருப்பது ஈர். வேரிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் ஈர் பெரும்பாலும் பொரித்துப்போன வெறும் கூடு. முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும், ஈரோ மண்டையை ஒட்டித்தான் வைக்கப்படும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

உயிருள்ள பேன் இருந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்திலோ உங்கள் மருத்துவரிடமோ கேட்டு மருந்து வாங்குங்கள். பெர்மெத்ரின் 1% லோஷன் பொதுவாகக் கொடுப்பது. 5% என்று போட்டிருக்கும் கிரீம் சிரங்குக்கு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். எண்ணெய்த் தலையில் தடவாதீர்கள். ஷாம்பு போட்டு அலசி, துவட்டிவிட்டு, லோஷனைத் தடவிப் பத்து நிமிஷம் கழித்துக் கழுவுங்கள். கைக்குழந்தைக்கு மருத்துவரைக் கேட்காமல் எதுவும் போட வேண்டாம். சொறிந்து புண்ணாகிச் சீழ் வைத்திருந்தாலும் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். தலைப்பேன் நோய் எதையும் பரப்புவதில்லை, தொந்தரவு அந்தப் புண்ணால்தான்.

பெரும்பாலானவர்கள் கோட்டைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. மருந்து ஒருமுறை போட்டால் போதும் என்று நினைக்கிறோம். இந்த லோஷன் ஈரை முழுசாகக் கொல்லாது. ஈர் பொரிய ஏழிலிருந்து ஒன்பது நாள் ஆகும். பொரித்த குஞ்சு வளர்ந்து முட்டையிடுவதற்கு முன்னால் இரண்டாவது தடவை மருந்து போட வேண்டும். நமக்கு வசதியாக விடுமுறை அதற்கேற்ற மாதிரி அமைந்திருக்கிறது. டிசம்பர் 24 அன்று முதல் தடவை, ஜனவரி 2 அன்று இரண்டாம் தடவை. எல்லா வீட்டிலும் அந்த இரண்டு நாளில் தலை பாருங்கள், பேன் இருப்பவர்களுக்கு மட்டும் மருந்து போடுங்கள். ஒரு வீட்டில் இன்றைக்கு, இன்னொரு வீட்டில் அடுத்த மாதம் என்று செய்வதால்தான் பேன் வருஷம் பூராவும் சுற்றுகிறது. வீட்டில் பெரியவர்கள் தலையையும் பார்க்க வேண்டும், அம்மா உட்பட. மருந்து வேண்டாம் என்பவர்கள் மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை, இரண்டு வாரத்துக்கு, முடியை நனைத்துப் பொறுமையாக வாரினாலும் குறையும். தலையணை உறையை வெந்நீரில் அலசி வெயிலில் போட்டால் போதும், வீட்டையே புரட்டிப்போட வேண்டாம்.

இப்போது கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

இந்தப் பள்ளியில் பேனுக்காக எந்தப் பிள்ளையையும் தனியாக உட்கார வைக்க மாட்டோம், வீட்டுக்கும் அனுப்ப மாட்டோம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பும் பேனுக்காகப் பள்ளியை விட்டுப் பிள்ளையை நிறுத்தக் கூடாது என்றுதான் சொல்கிறது. பேன் கண்ணில் படும்போதே அது வந்து வாரங்கள் ஆகியிருக்கும், அன்றைக்கு அனுப்பி என்ன பயன்? எந்த ஆசிரியரும் வகுப்பு நடுவில் வைத்து யார் தலையையும் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். இருந்தால் வீட்டுக்குப் போன் செய்வோம், அது உங்களுக்கும் எங்களுக்கும் மட்டும் தெரியும். வாட்ஸ்அப் குழுவில் இனி ஒரு பிள்ளையின் பெயர் வந்தால் அந்தக் குழுவையே மூடிவிடுவேன். "அந்தத் தெருப் பிள்ளைங்க பக்கத்துல வேண்டாம்" என்று என்னிடம் நேரில் சொன்னவர்களுக்கும் பதில் இங்கேயே: நாங்கள் தெரு பார்த்துப் பிள்ளைகளை உட்கார வைப்பதில்லை, பேனின் பெயரைச் சொன்னாலும் வைக்கப்போவதில்லை. இதைப் பேச மறுபடியும் அலுவலகத்துக்கு வர வேண்டாம்.

மற்றபடி உங்கள் சிரமம் எனக்குத் தெரியாததல்ல. விடிந்ததும் நூறு நாள் வேலைக்கும் மில்லுக்கும் கடைக்கும் ஓடுகிற வீடுகள் நம்முடையவை. அந்த அவசரத்திலும் இரட்டைச் சடை பின்னி, ரிப்பன் கட்டி, நேரத்துக்கு அனுப்புகிறீர்கள். பின்னிய முடி கலைந்து அடுத்த தலையில் படாமல் இருக்கும் என்பதால் அந்த இரட்டைச் சடையே பெரிய உதவி. பேன் வாருகிற வேலையை அம்மாமார் தலையில் மட்டும் கட்டாமல் அப்பாமார்களும் ஒருநாள் சீப்பை எடுத்தால் நல்லது. பொறுமை வேண்டும், அவ்வளவுதான். கற்றுக்கொள்ள முடியாத வித்தை ஒன்றும் இல்லை. பள்ளியில் இரும்புப் பல் வைத்த பேன் சீப்பு கொஞ்சம் வாங்கி வைத்திருக்கிறோம். வேண்டியவர்கள் அலுவலகத்தில் கேளுங்கள், எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

மண்ணெண்ணெய் பட்ட அந்தப் பிள்ளைக்கு இப்போது புண் ஆறிவிட்டது. அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போன அதன் அம்மாவுக்கும், விஷயத்தை வெளியில் பேசாமல் காத்த வகுப்பாசிரியைக்கும் நன்றி. வந்து சண்டை போடாமல் விளக்கம் கேட்டுப் போன பெற்றோர்களுக்கும் நன்றி.

ஜனவரி 5 அன்று பள்ளி திறக்கும். மூன்றாம் பருவப் பாடநூல்களை அன்றைக்கே கொடுத்துவிடுவோம், பெரிய பையாகக் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்