தானாகக் காயட்டும்

செயின்ட் பால், மினசோட்டா
ஜனவரி மாதம்

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இங்கே நலம். நீயும் அத்தானும் அத்தையும் பேரனும் நலமாக இருக்க வேண்டும். நான் கொடுத்தனுப்பிய சாமான்கள் வந்து சேர்ந்ததாகவும், அதிலிருந்த வைப்ஸ் டப்பாவைப் பிரித்து அத்தையின் கட்டிலைத் துடைத்ததாகவும், அப்படியே பேரனின் கையையும் வாயையும் துடைத்துவிட்டதாகவும் போனில் சொன்னாய். உடனே சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னேன், கழுவிவிட்டாய், பிள்ளைக்கும் ஒன்றுமில்லை. ஆனாலும் எனக்கு மனசு நிலைகொள்ளவில்லை. போனில் சொல்வது பாதி விட்டுப்போகும். அத்தையைப் பார்த்துக்கொள்ள வருகிற பெண்ணுக்கும் நீ வாசித்துக் காட்டலாம் என்று எழுதியே அனுப்புகிறேன்.

அந்த டப்பாவில் இருப்பது குழந்தைக்குத் துடைத்துவிடுகிற ஈரத்துணி இல்லை, அக்கா. பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். இதில் ஊறியிருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட், அதாவது ப்ளீச். மழை விட்டதும் சாக்கடை ஓரமாக நகராட்சிக்காரர்கள் தூவிவிட்டுப் போவார்களே ப்ளீச்சிங் பவுடர், அதன் இனம். கட்டில் கம்பிக்கும் கதவுக் கைப்பிடிக்கும் உரியது. தோலில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் ஆபத்து. நீ செய்தது உலகத்தில் இல்லாத காரியம் என்று நினைக்காதே. 2020 மே மாதம், கொரோனா பயம் உச்சத்தில் இருந்தபோது, அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 502 பேரிடம் விசாரித்தது. நூற்றுக்கு 39 பேர் ஏதாவது ஒரு ஆபத்தான வேலையைச் செய்திருந்தார்கள். காய்கறி, பழங்களில் ப்ளீச் போட்டவர்கள் 19 சதவீதம். வீடு துடைக்கும் மருந்தைக் கையிலும் உடம்பிலும் தடவியவர்கள் 18 சதவீதம். எல்லாம் லேபிள் படிக்கத் தெரிந்தவர்கள்தான்.

இந்த ஊரில் எதற்கெடுத்தாலும் ஏன் வைப்ஸ் என்று கேட்டாய். இங்கே குளியலறைத் தரையில் தண்ணீர் போக வழி கிடையாது. தொட்டிக்குள் நின்றுதான் குளிக்க வேண்டும். ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றினால் மரப்பலகைக்குள் இறங்கிக் கீழ்வீட்டுக்காரர் தலையில் சொட்டும். படுக்கையறை முழுக்கக் கம்பளம். நம் வீட்டைப்போல வாளியும் தென்னந்துடைப்பமுமாக அலசித் தள்ள முடியாததால் இவர்கள் துடைத்தே பழகிவிட்டார்கள். போதாததற்குக் குளிர். இந்த மாதத்தில் மைனஸ் 20 டிகிரிக்குப் போவது சாதாரணம். ஜன்னலைத் திறக்க முடியாது, எல்லாரும் அடைந்த வீட்டுக்குள் ஒரே காற்றைத்தான் மூச்சு விடுகிறோம். நவம்பரிலிருந்து ஏப்ரல்வரை நோரோவைரஸ் என்று ஒரு வாந்தி பேதி சுற்றும். வகுப்பில் ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் பிறகு வரிசையாகப் படுக்கும். எனக்கு இன்றும் தண்ணீர் விட்டு அலசினால்தான் சுத்தம் செய்த திருப்தி வரும். அந்தத் திருப்தியை நீ விடாதே. வைப்ஸ் வந்துவிட்டது என்பதற்காகத் தண்ணீரையும் சோப்பையும் ஒதுக்கி வைக்கக் கூடாது.

இனி நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் கற்றதைச் சொல்கிறேன். அங்கே வைப்ஸ் டப்பாவுக்குப் பெயரே மூடியின் நிறம்தான். ஊதா மூடி என்றால் ஆல்கஹாலும் இன்னொரு மருந்தும் கலந்தது, துடைத்த இடம் 2 நிமிடம் ஈரமாக இருக்க வேண்டும். ஆரஞ்சு மூடிதான் ப்ளீச், அதற்கு 4 நிமிடம். அத்தைக்கு ஆஸ்பத்திரியில் ஆன்டிபயாடிக் ஏற்றி ஏற்றி வந்ததே வயிற்றுப்போக்கு, டாக்டர் சி டிஃப் என்றாரே, அது யாருக்காவது வந்தால் அந்த அறைக்கு ஆரஞ்சு மூடி மட்டும்தான் போகும். விதை ஓட்டுக்குள் அடங்கிக் கிடப்பதுபோல அந்தக் கிருமி மாதக்கணக்கில் கட்டில் கம்பியிலும் கழிப்பறைப் பிடியிலும் கிடக்கும். ஊதா மூடியால் அந்த ஓடு உடையாது. கையில் தேய்க்கிற சானிடைசரும் அதற்கு உதவாது. அதனால் அந்த அறையை விட்டு வெளியே வரும்போது சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்துத்தான் கை கழுவுவோம். அத்தையைத் தொட்டுவிட்டு நீயும் அப்படியே செய்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண், மேசையை ஆரஞ்சு மூடி வைப்ஸால் துடைத்த கையோடு காகிதத் துண்டால் பளபளவென்று துவட்டினாள். மூத்த நர்ஸ் அவளைத் திட்டவில்லை. இன்னொரு வைப் எடுத்துத் துடைத்துக் காட்டி, சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார். இருவரும் ஒன்றும் செய்யாமல் நின்றார்கள். ஹீட்டர் காற்றில் 4 நிமிடத்துக்கு முன்பே மேசை காய்ந்துவிட்டது. மறுபடி ஒரு வைப். கிருமியைக் கொல்வது நம் கையின் தேய்ப்பு இல்லை, அந்த ஈரம் நிற்கிற நேரம். அக்கா, இந்தக் கடிதத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வை. உன் டப்பாவில் எத்தனை நிமிடம் போட்டிருக்கிறதோ அத்தனை நிமிடம், கண்ணுக்குத் தெரிகிற ஈரமாக இருக்க வேண்டும். கோவில்பட்டி வெயிலுக்கு ஃபேனும் சுற்றினால் சட்டென்று காய்ந்துபோகும். ஜன்னல் கதவைத் திறந்து வை, ஃபேனை நிறுத்து, காய்ந்தால் இன்னொரு வைப் எடு. துவட்டாதே. நேரம் முடிந்த பிறகு தானாகக் காயட்டும்.

அதற்கு முன்னால் அழுக்குப் போக வேண்டும். மலமோ வாந்தியோ சோற்றுப் பருக்கையோ ஒட்டியிருக்கும்போது துடைத்தால் ப்ளீச்சின் சக்தி அதிலேயே தீர்ந்துவிடும், கிருமி தப்பித்துவிடும். முதலில் கையுறை போட்டுக்கொண்டு காகிதத்தாலோ பழைய துணியாலோ வழித்து எடு, சோப்புத் தண்ணீரால் துடை, பிறகு வைப்ஸ். அத்தை படுக்கையில் சிறுநீர் போயிருந்தால் ரெக்சின் விரிப்பை நல்ல தண்ணீர் விட்டு அலசாமல் ப்ளீச்சைக் கொண்டுபோகாதே. சிறுநீரில் உண்டாகும் அமோனியாவோடு அது சேர்ந்தால் மூச்சை அடைக்கும் வாயு வரும். சுத்தமான பக்கத்தில் தொடங்கி அழுக்கான பக்கத்தில் முடி. கழிப்பறையைத் துடைத்த வைப்பால் கட்டிலைத் தொடவே கூடாது.

நம் வீட்டை நினைத்தால் எனக்கு அதிகம் பயமே பாத்ரூம் ஆசிட்தான். ஆசிட்டையோ ஹார்பிக்கையோ ஊற்றிவிட்டு, அதன்மேலேயே ப்ளீச்சிங் பவுடரைத் தூவித் தேய்ப்பது நம் தெருவில் பல வீடுகளில் வழக்கம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். சின்ன பாத்ரூம், ஒற்றை வென்டிலேட்டர், குனிந்து தேய்க்கிற முகம். நுரையீரலைப் புண்ணாக்கிவிடும். வினிகர், எலுமிச்சைச் சாறு எதுவும் சேரக் கூடாது. ஆசிட் போட்ட நாளில் ப்ளீச் வேண்டாம். தப்பித்தவறிக் கலந்து நெடி ஏறினால் கழுவிவிடலாம் என்று நிற்காதே, வெளியே வந்துவிடு. மூச்சு இரைத்தால் ஆஸ்பத்திரிக்குப் போ. அத்தானுக்கு வீசிங் இருக்கிறது, நீ துடைக்கிற நேரத்தில் அவர் திண்ணையில் இருக்கட்டும்.

மற்றவை சின்னச் சின்ன விஷயம். பட்டுப் புடவையோ நல்ல சேலையோ கட்டிக்கொண்டு தொடாதே, பட்ட இடம் வெளுத்துவிடும். குத்துவிளக்கு, பித்தளைச் செம்பு பக்கம் வேண்டாம். எவர்சில்வரில் பட்டால் நேரம் முடிந்ததும் தண்ணீரால் கழுவு, விட்டால் புள்ளி விழும். பேரன் வாயில் வைக்கிற பொம்மை, சாப்பிடுகிற தட்டு இவற்றுக்குச் சோப்புத் தண்ணீரே போதும். பயன்படுத்திய வைப்பைக் குப்பையில் போடு, கழிப்பறைக்குள் போட்டால் அடைத்துக்கொள்ளும். டப்பா மூடி 'டக்' என்று மூடியிருக்க வேண்டும், காய்ந்துபோன வைப்பில் தண்ணீர் ஊற்றி நனைத்து ஓட்டக் கூடாது. வெயில் படாத இடத்தில், பேரன் கைக்கு எட்டாத உயரத்தில் வை.

இங்கே இந்த டப்பாக்களில் ஒரு வரி கட்டாயம் இருக்கும்: லேபிளில் சொன்னதற்கு மாறாகப் பயன்படுத்துவது மத்திய அரசின் சட்டத்தை மீறுவது என்று. அவ்வளவு கண்டிப்பு. பெயரை மட்டும் பார்த்தும் ஏமாறக் கூடாது. க்ளோராக்ஸ் என்றால் ப்ளீச் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். ஆனால் கடையில் அந்தப் பெயரில் கிடைக்கிற சாதாரண வைப்ஸில் ப்ளீச் கிடையாது, வேறு மருந்து. அது அத்தையின் கிருமிக்கு ஆகாது. டப்பாவைத் திருப்பி, சோடியம் ஹைப்போகுளோரைட் என்று இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

டப்பா தீர்ந்துவிட்டால் அடுத்து யார் வருவார்கள் என்று காத்திருக்காதே. நம் ஊர்க் கடையில் கிடைக்கும் ப்ளீச் திரவமே போதும். பாட்டிலில் 5 சதவீதம் என்று போட்டிருந்தால், அத்தையின் அறைக்கு 1 பங்கு ப்ளீச்சுக்கு 9 பங்கு பச்சைத்தண்ணீர், 10 நிமிடம் ஈரம். பேரன் வாந்தி எடுத்த இடத்துக்கு ஒரு லிட்டருக்கு 20 மில்லி, 5 நிமிடம். அன்றன்றைக்குக் கலக்கு, மிச்சத்தை வைத்துக்கொள்ளாதே. குடிக்கிற தண்ணீர் பாட்டிலில் மட்டும் ஊற்றி வைத்துவிடாதே, அக்கா, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

அத்தைக்குப் போக்கு நின்று, டாக்டரும் சரி என்று சொல்லிவிட்டால் இதெல்லாம் தினமும் தேவையில்லை. பழையபடி சோப்பும் தண்ணீரும் போதும். கையுறை ஒரு பெட்டி தனியாக அனுப்புகிறேன், உன் அளவு நடுத்தரம்தானே? அந்தப் பெண்ணின் கை அளவையும் கேட்டு எழுது.

இப்படிக்கு,
உன் அன்புத் தங்கை