பெட்டியை யாருக்கும் கொடுக்கவில்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம். உன் புது விலாசத்தை அத்தைதான் கொடுத்தாள். நான் வேறொன்றும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கீழ்க்கதவு பூட்டியிருக்கும் கட்டடம்தானே? சிகாகோ குளிருக்கு ஹீட்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா? ராத்திரி சாப்பிடாமல் படுக்காதே.

நீ அனுப்பிய ஒற்றை வரியை அம்மாவிடம் காட்டவில்லை. "பேஸ்மென்ட்ல இருக்கற என் பெயின்ட் பெட்டி, படம் வச்சு வரையற ஈசல் ஸ்டாண்ட் எல்லாம் யாருக்காவது குடுத்துடுங்கப்பா." இத்தனை வருஷமாக "இருக்கட்டும்பா, வந்து எடுத்துக்கறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தவள். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. ஏன் என்று எழுத வரவில்லை. ஒன்பது வாரமாயிற்று, அதற்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு எழுத்து இல்லை. தமிழ்ப் பள்ளியில் கட்டுரைக்கு முதல் பரிசு வாங்கிய கை, அப்பாவுக்கு இரண்டு வரி எழுதக் கூடாதா?

பெட்டியை யாருக்கும் கொடுக்கவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிப்பா" என்று வைத்துவிடுவாய். எழுத்துக்கூட்டியாவது முழுக்கப் படி.

போன செவ்வாய்க்கிழமை ரெட் லைன் ரயில் பிடித்து வாஷிங்டன் கேலரி பிளேஸில் இறங்கி, ஸ்மித்சோனியன் அமெரிக்க ஓவிய மியூசியத்துக்குப் போனோம். எட்டாவது படிக்கும்போது நீ கூட்டிப்போகச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோன இடம். டிக்கெட்கூடக் கிடையாது. வீட்டிலிருந்து ஒரே ரயில். எனக்கு 26 வருஷம் ஆயிற்று.

அங்கே ஒரு படத்தின் முன்னால் அம்மா உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மூன்று துண்டாகச் சேர்த்து 13 அடி அகலம். வெள்ளைத் தரையில் முழுக்கச் சிவப்புச் சிவப்பாகச் சின்னத் தீற்றல்கள், ஒரு பக்கம் நெருக்கமாக, போகப்போகக் கலைந்து. "மொட்டைமாடியில மிளகாய் காயப்போட்டு, காத்து அடிச்ச மாதிரி இருக்கு" என்றாள். ராக் அண்ட் ரோல் இசைக்குப் பாடி ஆடும் சிவப்பு அசேலியாக்கள் என்று பெயர். நம் வாசலில் ஏப்ரலில் பூக்குமே, அதே அசேலியா. வரைந்தவர் ஆல்மா தாமஸ். வருஷம் 1976. அப்போது அந்த அம்மாளுக்கு வயது 85-ஐ ஒட்டி.

உனக்கு அவரைத் தெரிந்திருக்கும். எனக்கு இப்போதுதான் தெரிகிறது. நூலகத்தில் புத்தகம் எடுத்து வந்து தினமும் படிக்கிறேன். 1924-இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் ஓவியத் துறையில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவர். அதற்குப் பிறகு 35 வருஷம் இதே வாஷிங்டனில், ஷா ஜூனியர் ஹைஸ்கூலில் டீச்சர் வேலை. பிள்ளைகளுக்குப் பொம்மலாட்டம்கூடச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். சாயங்காலமும் லீவு நாளிலும்தான் சொந்தப் படம். ஐம்பது வயதுக்கு மேல் அமெரிக்கன் யுனிவர்சிட்டியில் மாணவியாகப் போய் உட்கார்ந்து மறுபடி கற்றுக்கொண்டிருக்கிறார். 1960-இல் ரிடையர் ஆனார். முழுநேரமாக வரைய ஆரம்பித்தது அப்போதுதான், பாப்பா. 68 வயதில்.

நாலு வருஷத்துக்குள் மூட்டுவாதம் வந்து கை மடங்கவில்லை. இனி வரையவே முடியாது என்று நினைத்துவிட்டார். அப்போதுதான் ஹோவர்டில் அவர் படங்களை வைத்து 1966-இல் கண்காட்சி நடத்தக் கேட்கிறார்கள். பழைய மாதிரி வரைய அவருக்கு மனசில்லை. வீட்டு ஜன்னலுக்கு வெளியே ஒரு ஹாலி மரம். அதன் இலைக்குள் வெளிச்சம் வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அங்கிருந்துதான் அந்தத் தீற்றல்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் சில இடங்களில் அடியில் பென்சில் கோடு தெரிகிறது. பெரிய ஸ்டூடியோ எல்லாம் இல்லை, வீட்டு அடுக்களையிலும் முன்னறையிலும் வரைந்தவர். 15-ஆம் தெருவில் அந்தச் செங்கல் வீடு இன்னும் இருக்கிறது. எதிர்ப் பிளாட்பாரத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, அதனால் உடனே கிளம்பிவிட்டோம்.

1972-இல் நியூயார்க்கில் விட்னி மியூசியம் அவருக்கென்று தனிக் கண்காட்சி வைத்தது. கறுப்பினப் பெண் ஒருவருக்கு அங்கே அதுதான் முதல் முறை. வயது 80. ஜார்ஜியாவில் கொலம்பஸ் என்ற ஊரில் பிறந்தவர், சின்ன வயதில் அந்த ஊர் நூலகத்துக்குள் அவரைப் போன்றவர்களை விடமாட்டார்களாம், பெருக்கித் துடைக்க வந்தால் தவிர. அங்கே வன்முறையும் அதிகம். நாலு மகள்கள் படிக்க வேண்டும் என்று அவர் அப்பா 1907-இல் குடும்பத்தோடு வாஷிங்டன் வந்துவிட்டார்.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். நானும் உன் படிப்புக்காகத்தான் கடல் தாண்டி வந்தேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவன். நீ மருந்தகத்துக்கே மேனேஜர் ஆனதைக் கோயிலில் பார்க்கிறவரிடமெல்லாம் சொன்னேன். இப்போதும் பெருமைதான். ஆனால் இந்த வீட்டுச் சுவரில் நீ வரைந்தது ஒன்றுகூட இல்லை.

பாப்பா, 2003 செப்டம்பர், இசபெல் புயல். கரண்ட் போய், தண்ணீரை வெளியே இறைக்கும் சம்ப் பம்ப் நின்று, பேஸ்மென்டில் தண்ணீர் வந்தது. அது உண்மை. ஆனால் கணுக்காலுக்கு மேல் ஏறவில்லை. ஏறுவதற்கும் ராத்திரி முழுக்க ஆயிற்று. வரிக் கணக்கு ஃபைல்களை மேலே கொண்டுவந்தேன், தீபாவளிப் பாத்திரங்களைக் கொண்டுவந்தேன், டிவி வந்த காலி அட்டைப்பெட்டியைக்கூடக் கொண்டுவந்தேன். சுவரில் சாய்த்திருந்த உன் பதினொரு படங்களை விட்டுவிட்டேன். "அதையும் எடுங்களேன்" என்று அம்மா இரண்டு தடவை சொன்னாள். காலையில் பார்த்தபோது அடியில் நாலு விரல் அளவுக்குத்தான் நனைந்திருந்தது. வெயிலில் வைத்திருந்தால் காய்ந்திருக்கும். நீ சிநேகிதி வீட்டிலிருந்து வருவதற்குள் எல்லாவற்றையும் கறுப்புப் பையில் கட்டிக் குப்பை வண்டிக்குப் போட்டேன். பூஞ்சணம் பிடித்துவிட்டது என்று உன்னிடம் சொன்னேன். நீ "பரவால்லப்பா" என்றாய். அந்த மாதமே ஃபார்மசிக்கு விண்ணப்பம் எழுதினாய். எனக்கு வேண்டியதும் அதுதான். தண்ணீரின் மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

அம்மா இதுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்கு அந்தச் சிவப்புப் படத்தின் முன்னால் என்னைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

உனக்குக் கோபம் வந்தால் வரட்டும். போனில் திட்டு. பேசாமல் மட்டும் இருக்காதே.

உன் ஊர் ஆர்ட் இன்ஸ்டிடியூட்டில் ஆல்மா தாமஸ் படம் ஒன்று இருக்கிறது. விண்மீன் இரவும் விண்வெளி வீரர்களும், 1972. முழுக்க நீலம், மேலே வலது பக்கம் ஓர் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சிவப்பும் மஞ்சளும். மாட்டியிருக்கிறார்களா என்று போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போ. காதை மூடிக்கொண்டு போ, அந்த ஏரிக்காற்று ஆகாது. முதலில் சாப்பிட்டுவிட்டுப் போ.

ஈசலைத் துடைத்துச் சாப்பாட்டு அறை ஜன்னல் பக்கம் வைத்திருக்கிறேன். டியூப்கள் பாதி கல்லாகிவிட்டன, மூடி திறக்காததையும் எறியவில்லை. ஈசலின் பின்கால் ஆடுகிறது. திருகும் மரையும் மாற்ற வேண்டும். கடையில் மூன்று அளவு வைத்திருக்கிறார்கள். எது என்று உனக்குத்தான் தெரியும், எழுது.

அப்பா
சில்வர் ஸ்பிரிங்