அனாக்சிமாண்டருக்கு நாலே வரிதானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கிரேக்கத் தத்துவத்தின் தொடக்கம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மிலேட்டஸ் என்ற பழைய கிரேக்க நகரத்துத் தத்துவவாதிகள் மூவரில் (தேலீஸ், அனாக்சிமாண்டர், அனாக்சிமெனிஸ்) தேலீஸுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கிய கட்டுரையாளர், அனாக்சிமாண்டரை நாலே வரியில் முடித்துவிட்டார். என் வருத்தம் அதுதான்.

முதலில் கிரகணக் கதை. கி.மு. 585இல் லிடியர்களும் மீடியர்களும் போரிட்டுக்கொண்டிருந்தபோது நடந்த சூரிய கிரகணத்தைத் தேலீஸ் முன்கூட்டியே கணித்தார் என்று கட்டுரை அடித்துச் சொல்கிறது. அதை எழுதிவைத்த கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் நூறாண்டுக்கு மேல் பிந்தியவர். அவர்கூட, தேலீஸ் ஆண்டைத்தான் சொன்னார் என்கிறார், தேதியை அல்ல. சூரிய கிரகணம் எந்த ஊரில் தெரியும் என்று கணிக்கும் வழி அன்றைய பாபிலோனியரிடமே இல்லை. ஆய்வாளர்கள் பலர் இந்தக் கதையை நம்பாததில் வியப்பில்லை.

சரி, அனாக்சிமாண்டருக்கு வருவோம். பூமி நீரின் மேல் மிதக்கிறது என்றார் தேலீஸ். அப்படியானால் நீரைத் தாங்குவது எது? அதே ஊரில் அடுத்த தலைமுறையில் வந்த அனாக்சிமாண்டர், பூமியை எதுவும் தாங்கவில்லை என்றார். எல்லாப் பக்கமும் சம தூரத்தில் இருப்பதால், ஒரு பக்கமாக நகர அதற்குக் காரணமே இல்லையாம். பூமியை உருளை வடிவம் என்று நினைத்தது தவறுதான். ஆனால் கீழே விழாமல் இருக்க ஒரு தாங்கி வேண்டும் என்ற எண்ணத்தையே உதறியவர் அவர். அதுவும் எந்தக் கருவியும் இல்லாமல், வெறும் யோசனையால்! மனிதக் குழந்தை நெடுநாள் பராமரிப்பில்லாமல் பிழைக்காது, அதனால் முதல் மனிதர்கள் மீன் போன்ற உயிர்களுக்குள் வளர்ந்து வந்திருக்க வேண்டும் என்றும் வாதாடினார். (இதை வைத்து அவரை டார்வினுக்கு முன்னோடி ஆக்குவது கொஞ்சம் அதிகம்.)

அனாக்சிமெனிஸ் பூமியை மறுபடி காற்றின் மேல் உட்கார வைத்துவிட்டார். ஆனாலும் காற்று செறிந்தால் குளிரும், தளர்ந்தால் சூடாகும் என்ற தன் கருத்துக்கு, உதட்டைக் குவித்து ஊதினால் குளிர்ச்சி, வாயைத் திறந்து ஊதினால் வெப்பம் என்று, யாரும் செய்து பார்க்கக்கூடிய சான்றைக் காட்டியவர் அவர். கட்டுரையில் இது வரவே இல்லை.

தொடர் அடுத்து எலியா நகரத்துத் தத்துவவாதிகளுக்குப் போகும் முன் அனாக்சிமாண்டருக்கு ஒரு பக்கம் தரச் சொல்லுங்கள். அவர் எழுதியதில் நமக்குக் கிடைத்திருப்பதே ஒன்றிரண்டு வரிதான். அதுவும் ஆயிரம் ஆண்டுக்குப் பின் வந்த சிம்ப்ளிசியஸ் என்ற உரையாசிரியர் எடுத்தெழுதியதால். ஒரு பக்கம் தாராளமாகப் போதும்.

அன்புடன்,
ஒரு வாசகர், திருநெல்வேலி