மேல் இலைக்கு முன்னால் கிணற்றைப் பார்

தக்கலை

அன்புள்ள மக்கா,

கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்ததில் சந்தோஷம். இங்கே மழை விடாததால் ரப்பர் வெட்டு நின்று கிடக்கிறது. மற்றபடி எல்லாரும் சுகம்.

சுருட்டுக்கு மேலே சுற்றும் இலையை வீட்டிலேயே வளர்க்க எந்த விதை நல்லது என்று கேட்டிருந்தாய். விதை பிறகு, முதலில் உன் கிணற்றுத் தண்ணீர். மணவாளக்குறிச்சியில் கடலை அடுத்து இருக்கிறாய். புகையிலை மண்ணிலும் நீரிலும் உள்ள உப்பின் குளோரைடைத் தாராளமாக உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கும். காய்ந்த இலையில் அது ஒன்றரை சதவீதத்தைத் தாண்டினால் எரிவது மந்தமாகும். இலை பார்க்க லட்சணமாக இருக்கும், சுருட்டு மட்டும் அணைந்து அணைந்து போகும். வேதாரண்யத்தில் உப்புத் தண்ணீரில் புகையிலை விளையவில்லையா என்பாய். அது வாயில் போட்டு மெல்லுகிற சரக்கு, எரிய வேண்டிய கட்டாயம் அதற்கில்லை.

தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடு. லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருந்தால் அந்தக் கிணற்றை விட்டுவிட்டு, ஓட்டில் விழும் மழைத்தண்ணீரைத் தொட்டியில் பிடித்துவை. முப்பது மூடு செடிக்கு அது கட்டுப்படியாகும்.

தென்னை மூட்டுக்கு நம்மாட்கள் கல்லுப்பு போடுவது உனக்குத் தெரியும். அந்தத் தென்னை விளையில் புகையிலையை இடைப்பயிராக வைக்காதே. கடையில் வெறுமனே ‘பொட்டாஷ்’ என்று கேட்டால் மூரியேட்டைத்தான் தருவார்கள், அது பொட்டாசியம் குளோரைடு. ‘சல்பேட் ஆஃப் பொட்டாஷ்’ என்று பெயர் சொல்லி வாங்கு. கதம்பை என்கிற தேங்காய் மட்டையின் சாம்பல், கருவாட்டுக் கழிவு, காயலில் ஊறிய மட்டையின் நார்க்கழிவு மூன்றிலும் குளோரைடு உண்டு, வேண்டாம். உன் மணல் கலந்த மண்ணைக் குறை சொல்லமாட்டேன். மெல்லிய இலைக்கு அதுதான் பொருத்தம்.

இனி விதை. திண்டுக்கல் பக்கத்து ஊசிக்கப்பல், வட்டக்கப்பல் எல்லாம் தடித்த இலை, உள்ளே நிரப்ப ஆகும். மேலே சுற்றுவதற்குச் சுமத்ரா வகை அல்லது கனெக்டிகட் நிழல் வகை வேண்டும். அமெரிக்காவின் கனெக்டிகட் பள்ளத்தாக்கில் 1900-இல் சுமத்ரா விதையைத் துணிப்பந்தலுக்குள் வளர்த்துத்தான் அந்த வழக்கமே அங்கே தொடங்கியது. நம் நாட்டில் மேல் இலைக்குப் பேர்போன இடம் மேற்கு வங்கத்தில் கூச்பெஹார் பக்கத்துத் தின்ஹாட்டா.

ஒரு கிராமில் பத்தாயிரத்துக்கு மேல் விதை இருக்கும். நவம்பர் தொடக்கத்தில் ஒரு சிட்டிகையைப் பொடிமணலில் கலந்து தட்டில் தூவு. மண் போட்டு மூடாதே, முளைக்க வெளிச்சம் வேண்டும். வடகிழக்கு மழை நேராக அடித்தால் விதை ஒதுங்கிவிடும், ஆகவே மேலே பாலித்தீன் கூரை. காலையில் மட்டும் மெல்லிய தெளிப்பு. மாலை ஈரம் இரவெல்லாம் நின்றால் நாற்றழுகல் வந்து ஒரே நாளில் தட்டு காலி. 45 நாளில் நாற்று அரையடி உயரம் வந்ததும் நடலாம். வரிசைக்கு வரிசை 90 செ.மீ., செடிக்குச் செடி 35. குழிக்கு ஒரு கிலோ மக்கிய சாணம், 50 கிராம் கடலைப் பிண்ணாக்கு, சல்பேட் பொட்டாஷ் 10 கிராம். கத்தரி, தக்காளி நின்ற இடம் ஆகாது, வேர்முடிச்சுப் புழு இருக்கும்.

பந்தல் 9 அடி உயரம். மேலே 35 சதவீத நிழல்வலை போதும், 50 போட்டால் செடி வெளிறி நெளியும். பக்கவாட்டிலும் வலை கட்டு. நம் காற்றில் இலையோடு இலை உரசினாலே கீறல் விழும், ஓட்டை விழுந்தது மேல் இலை ஆகாது. இலை தின்னும் புழு ஓட்டை போட்டாலும் இதே கணக்கு. ஓரத்தில் ஆமணக்கு வைத்தால் தாய்ப்பூச்சி பெரும்பாலும் அதில் முட்டையிடும். முட்டைக் குவியலோடு இலையைக் கிள்ளி அழித்துவிடு. பீடி பிடித்த கையோடு செடியைத் தொட்டால் தேமல் நோய் ஒட்டும், சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் போ. நுனியைச் சீக்கிரம் கிள்ளினால் இலை தடிக்கும், பூ வரட்டும். பக்கக் குருத்தை மட்டும் ஒடி.

நட்ட 55-60 நாளில் அடியிலிருந்து தொடங்கி வாரத்துக்கு இரண்டு மூன்று இலை பறி. மண் தொட்ட கீழ் இலைகளைத் தள்ளு, அதற்கு மேலே இருப்பவைதான் சரக்கு. பனி காயுமுன் பறிக்காதே. ஈர இலையிலிருந்து நிகோடின் தோல்வழியே ஏறி வாந்தியும் தலைச்சுற்றலும் வரும். கையுறை போடு, பேரப்பிள்ளைகளை அண்டவிடாதே.

காயப்போடுவதில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். காம்படியில் நூல் கோத்து, இலைக்கு இலை இரண்டு விரல் இடைவெளிவிட்டு, நிழலான சாய்ப்பில் தொங்கவிடு. முதலில் மஞ்சள், பிறகு பழுப்பு. வேகமாகக் காய்ந்தால் பச்சை அப்படியே உறைந்துவிடும், பிறகு என்ன செய்தாலும் போகாது. புழுக்கமாகக் கிடந்தால் அழுகும். ஈரப்பதமானி ஒன்று வாங்கித் தொங்கவிடு: 65 சதவீதத்துக்குக் கீழே போனால் தரையில் தண்ணீர் தெளித்து ஓலைத் தட்டியை இறக்கு, 80 தாண்டினால் திற. ரப்பர் ஷீட் புகைபோடும் அறையில் தொங்கவிடும் யோசனையை மறந்துவிடு, அந்த வாடை இலையை விட்டுப் போகாது. நடுநரம்பு ஒடித்தால் சொடக்கென்று முறியவேண்டும். ஆறு வாரம் ஆகலாம். இறக்குவது அதிகாலையில், இலை துணிபோல மடங்கும் பதத்தில்.

அடுத்தது பாடம் போடுவது, அதாவது காய்ந்த இலையைச் சூட்டிலும் ஈரத்திலும் வைத்துப் பதப்படுத்துவது. அதற்குப் பெருங்குவியல் வேண்டும், கொஞ்ச இலை தானாகச் சூடேறாது. ஆகவே பழைய பிரிட்ஜுக்குள் சின்ன ஹீட்டர், தண்ணீர்த் தட்டு, முட்டை பொரிக்கும் பெட்டிக்கு வைக்கிற தெர்மோஸ்டாட் வை. 50 டிகிரி, ஈரம் 70-75 சதவீதம், நான்கு முதல் ஆறு வாரம். ஹீட்டரில் இலை படக்கூடாது. முதலில் அம்மோனியா வாடை குப்பென்று வரும், தினமும் ஒருமுறை திறந்து விடு. சூடு 45-க்குக் கீழே இறங்கி ஈரம் நின்றால் பூசணம் பிடிக்கும்.

முடிந்ததும் ஒரு துண்டில் ஊதுபத்தி முனையை வைத்துப் பார். கங்கு சீராகப் பரவினால் சரி, உடனே கறுத்து அணைந்தால் உப்புதான். சுற்றும்போது நடுநரம்பை உரித்தெடு. இடப்பாதியும் வலப்பாதியும் எதிரெதிர்த் திசையில் சுற்றவேண்டும், அப்போதுதான் நரம்பு உள்ளே அடங்கி வழுவழுப்பான முகம் வெளியே நிற்கும்.

ஆமணக்கு விதை இங்கே இருக்கிறது, கொடுத்தனுப்புகிறேன். தண்ணீர்ப் பரிசோதனை முடிவு வந்ததும் எழுது. எண்ணைப் பார்க்காமல் பந்தலுக்குக் கால் நாட்டாதே.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி